சின்னத்திரைக்கு இசையமைப்பது சிறிய வேலையா?

கேள்வி: முறையாக இசை பயின்றவன் நான். சிறுவர் தொடர் ஒன்றுக்குப் பின்னணி இசை அமைக்கும் வாய்ப்பு வந்திருக்கிறது. “சின்னத்திரைக்குப் போனால் பெயரும் நிற்காது, சினிமாவும் கிடைக்காது” என்கிறார்கள் நண்பர்கள். ஏற்கலாமா? - வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: ஏற்றுக்கொள்ளுங்கள். அதற்கு முன், ஜப்பானிய இசையமைப்பாளர் ஷுன்சுகே கிகுச்சியைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். வடக்கே அஒமோரி மாகாணத்து ஹிரோசாகியில் 1931-ல் பிறந்து, நிஹோன் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1961-ல் திரைப்பட இசையமைப்பாளராக அறிமுகமானவர் அவர். ஆனால் அவருடைய இசையை வீடுதோறும் கொண்டுசேர்த்தது தொலைக்காட்சிதான்: 1971-ல் ‘காமென் ரைடர்’, 1979-ல் ‘டோரேமான்’, 1986-ல் ‘டிராகன் பால்’. ‘டோரேமான்’ முகப்புப் பாடலுக்கு அவர் போட்ட மெட்டு, பாடகர்கள் மாறியும் 2005 வரை மாறவில்லை.

அக்காலத்து ஜப்பானியத் தொடர்கள் பலவற்றில் வாராவாரம் புதிதாக இசையமைக்கும் வழக்கம் இல்லை. சோகம், துரத்தல், தனிமை எனப் பல மனநிலைகளுக்குரிய இசைத் துணுக்குகளை மொத்தமாக ஒலிப்பதிவு செய்து எண்ணிட்டு வைத்துவிடுவார்கள். அவற்றிலிருந்து காட்சிக்குப் பொருந்துவதை எடுத்துச் சேர்ப்பவர் வேறொருவர். தாம் எழுதுவது எந்தக் காட்சியில், எத்தனை முறை ஒலிக்கப்போகிறது என்று அறியாமலேயே எழுத வேண்டியிருந்ததால், அரை நிமிடத் துணுக்கும் காட்சியின் துணையின்றிச் சொந்தக் காலில் நிற்க வேண்டியிருந்தது. இதைச் சிறிய வேலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெயரைப் பற்றி நண்பர்கள் கவலைப்படுவதில் உண்மை உண்டு. ‘டிராகன் பா’லின் அடுத்த தொடரான ‘டிராகன் பால் இசட்’ அமெரிக்காவில் ஆங்கிலத்தில் ஒளிபரப்பானபோது, பல பகுதிகளில் கிகுச்சியின் இசையை நீக்கிவிட்டு வேறு இசையைச் சேர்த்தார்கள். உழைத்தவருக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்பது இசை கற்ற உங்களுக்குப் புரியும். ஆனால், அதே தொடரைச் சுருக்கித் தொகுத்த ‘டிராகன் பால் காய்’க்கு வேறொருவர் அமைத்த இசை 2011-ல் விலக்கப்பட்டபோது, அந்த இடத்தை நிரப்பியவை கிகுச்சியின் பழைய ஒலிப்பதிவுகளே.

சினிமாவும் அவருக்குக் கதவடைக்கவில்லை. 1972-ல் ஒரு திரைப்படத்துக்காக அவர் மெட்டமைத்து மெய்கோ காஜி பாடிய ‘உராமி புஷி’, முப்பது ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்க இயக்குநர் குவென்டின் டாரன்டினோவின் ‘கில் பில்’ படத்தில் ஒலித்தது. கிகுச்சி 2021-ல் தம் 89-ஆம் வயதில் காலமானார்.

கையெழுத்திடும் முன், டைட்டிலில் உங்கள் பெயர் இடம்பெறுமா, இசையை மறுபடி பயன்படுத்தினால் உரிமைத்தொகை உண்டா என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிறகு, ஒரு காட்சியையும் பார்க்காமல், கதையை மட்டும் கேட்டுக்கொண்டு பத்துத் துணுக்குகள் எழுதிப் பாருங்கள்.