கூட்டம் கலைஞ்ச பிறகு

வாசகர் கடிதம்:

அண்ணா, வணக்கம். போன மாசம் ஒரு போராட்டத்துக்கு போயிருந்தேன். செம கூட்டம், தொண்டை கட்டுற வரைக்கும் கோஷம் போட்டோம். மறுநாள் அவங்கவங்க வேலைய பாக்க போயிட்டோம், நாங்க எதிர்த்த உத்தரவு அப்படியேதான் இருக்கு. ரோட்ல நின்னு கத்தினா எல்லாம் மாறிடுமான்னு வீட்ல கேக்குறாங்க. கூட வந்த பசங்க சிலர் அமைதியா நின்னா எவனும் மதிக்க மாட்டான், நாலு கண்ணாடிய உடைச்சாதான் நியூஸ்ல வரும்ங்கறாங்க. தெருவுல எறங்கி நிஜமாவே ஏதாவது சாதிக்க முடியுமா?

பதில்:

தம்பி, வணக்கம்.

முடியும். ஆனா கூட்டம் எவ்ளோ பெருசுங்கறத வெச்சு மட்டும் முடியாது. 2003 பிப்ரவரி 15, ஈராக் போர் வேணாம்னு உலகம் பூரா நூத்துக்கணக்கான ஊர்கள்ல ஒரே நாள்ல பல லட்சம் பேர் எறங்கினாங்க, லண்டன்ல எல்லாம் அதுக்கு முன்னாடி அப்படி ஒரு கூட்டமே இல்ல. மார்ச் 20 போர் ஆரம்பிச்சிருச்சு. சனிக்கிழமை ஊர்வலம், திங்கக்கிழமை ஆபீஸ் ஃபேக்டரி எல்லாம் வழக்கம்போல ஓடுச்சு, முடிவெடுத்தவங்களுக்கு அதனால ஒரு வேலையும் நிக்கல, அவங்க ஏன் பயப்படணும்?

இதுக்கு நேரெதிரா அமெரிக்காவுல மாண்ட்கமரிய பாருங்க. 1955 டிசம்பர் 1, பஸ்ல வெள்ளைக்காரருக்கு சீட்ட விட்டுத்தர மாட்டேன்னதுக்காக ரோசா பார்க்ஸ்ங்கற கறுப்பினப் பெண்ண கைது பண்றாங்க. ஒரு அம்மா எந்திரிக்கல, உடனே ஊரே பொங்கிருச்சுன்னுதான் நம்மள்ல பல பேர் நினைச்சிட்டிருக்கோம். ஆனா அந்த ஊர் கறுப்பின பெண்களோட அமைப்பு ஒண்ணு 1954 மே மாசமே பஸ்ஸ புறக்கணிப்போம்னு மேயருக்கு லெட்டர் எழுதியிருந்துச்சு. அதனாலதான் கைதான ராத்திரியே ஜோ ஆன் ராபின்சன்ங்கற காலேஜ் டீச்சர் காலேஜ் மெஷின்லயே ஆயிரக்கணக்குல நோட்டீஸ் அடிச்சு விடிஞ்சதும் ஊர் பூரா சேர்த்துட்டாங்க, திங்கக்கிழமை பஸ் காலியா ஓடுச்சு. பஸ்ல போறவங்கள்ல முக்கால்வாசி பேர் கறுப்பினத்தவங்க, அப்ப கம்பெனி வருமானம் என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க.

381 நாள் தம்பி. வேலைக்கு போறவங்கள ஏத்தி எறக்க சுமார் 300 கார், அதுக்கு பிக்கப் பாயிண்ட், டைமிங் எல்லாம் போட்டாங்க. கார் இன்சூரன்ஸ கேன்சல் பண்ணி நெருக்கினாங்க, இவங்க லண்டன்ல இருந்து இன்சூரன்ஸ் வாங்கினாங்க. ஜார்ஜியா கில்மோர்னு ஒரு சமையல்கார அம்மா, சில பெண்கள சேத்துக்கிட்டு கேக்கும் சிக்கனும் வித்து வாராவாரம் காசு கொண்டாந்து குடுத்தாங்க, செஞ்சவங்க பேர் வெளிய தெரிஞ்சா வேலை போயிடும்னு யார் பேரையும் சொல்லல. இன்னொரு பக்கம் கேஸும் நடந்துச்சு, 1956 நவம்பர்ல பஸ்ல நிறம் பாத்து சீட் பிரிக்கிறது செல்லாதுன்னு சுப்ரீம் கோர்ட் இவங்க பக்கம் தீர்ப்பு சொல்லிச்சு. தீர்ப்பு வந்தும் உத்தரவு கைக்கு வந்து சேர்ற டிசம்பர் 20 வரைக்கும் அவங்க பஸ்ல ஏறல.

டெல்லி எல்லையில விவசாயிகளும் இதைத்தான் செஞ்சாங்க. 2020 நவம்பர்ல போய் உக்காந்தவங்க ஒரு வருஷம் குளிர், வெயில், கொரோனா எல்லாத்தையும் தாங்குனாங்கன்னா, சங்கங்கள் அதுக்கு முன்னாடியே கிராமம் கிராமமா இருந்துச்சு, ஒரு செட் ஊருக்கு போனா அடுத்த செட் வந்துரும். 2021 நவம்பர் 19 அவங்க எதிர்த்த மூணு வேளாண் சட்டத்தையும் வாபஸ் வாங்குறோம்னு பிரதமர் டிவில சொன்னப்பவும் யாரும் எந்திரிக்கல. பார்லிமெண்ட்ல ரத்தாகி, மத்த கோரிக்கைகளுக்கு எழுத்துல உறுதி வாங்கினப்புறம்தான் டிசம்பர்ல டெண்ட்ட பிரிச்சாங்க.

எகிப்துல 2011ல மக்கள் தஹ்ரீர் சதுக்கத்துல கூடி பதினெட்டே நாள்ல அதிபர் முபாரக்க எறக்கிட்டாங்க. அடுத்து யாருன்னு வந்தப்ப சதுக்கத்துல நின்ன பசங்ககிட்ட ஆட்சிய கையில எடுக்குற அளவுக்கு ஒரு அமைப்பு இல்ல, 2013ல ராணுவமே திரும்ப வந்து உக்காந்துருச்சு. அத நினைச்சா இன்னமும் மனசு ஆறல.

கண்ணாடி உடைக்கிற விஷயத்துக்கு வரேன். எரிகா செனோவெத், மரியா ஸ்டீஃபன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1900ல இருந்து 2006 வரைக்கும் நடந்த 323 போராட்டங்கள எடுத்து பாத்தாங்க. ஆயுதம் இல்லாம நடந்ததுல பாதிக்கு மேல ஜெயிச்சிருக்கு, ஆயுதம் எடுத்ததுல கால்வாசிதான். கடைசி பத்து பதினஞ்சு வருஷத்துல அமைதிப் போராட்டமும் முன்ன மாதிரி ஜெயிக்கலங்கறதையும் செனோவெத்தே சொல்றாங்க, அத மறைக்க கூடாது. ஆனாலும் கல்லு பறக்குற எடத்துக்கு வயசானவங்க, கைக்குழந்தைய வெச்சிருக்கவங்க, சம்பளத்துக்கு பயந்தவங்க யாரும் வர மாட்டாங்க. தடியடிக்கு ஒரு காரணம் தேடிட்டிருக்கவனுக்கு நீங்களே காரணத்த எடுத்து குடுத்த மாதிரி ஆயிடும். அந்த பசங்ககிட்ட இத பொறுமையா பேசுங்க.

வீட்ல கேட்டா ஒரு நாள் கத்தினா மாறாதுன்னு ஒத்துக்கோங்க, அது நிஜம்தான். அப்புறம் அன்னைக்கு கூட வந்தவங்க நம்பர் உங்ககிட்ட இருக்குமே, பத்து பேர கூப்பிட்டு உக்காருங்க. அந்த உத்தரவுல கையெழுத்து யாரோடது, அவர் யாருக்கு பதில் சொல்லணும், உங்க ஒத்துழைப்பு இல்லாம எந்த வேலை நிக்கும், கேஸ் போட வழி இருக்கான்னு பேசுங்க. என்ன முடிவாச்சுன்னு எனக்கு எழுதுங்க.