ராஜா காதலை டிவில காட்டலாமா?

கேள்வி: அக்கா, இங்கிலாந்து ராஜா எட்டாம் எட்வர்ட் - அமெரிக்காக்காரங்க வாலிஸ் சிம்ப்சன் காதல 1978லயே இங்கிலாந்து டிவில 7 எபிசோடா எடுத்தாங்களாமே, நெஜமா வாழ்ந்தவங்க அந்தரங்கத்த இப்படி காட்டலாமா?
- ஒரு வாசகி, காசிமேடு

பதில்: காட்டலாம்மா, ஆனா பயந்து பயந்து காட்டணும். அந்த சீரியல் வந்தப்போ வாலிஸ் பாரிஸ்ல உயிரோட இருந்தாங்க, 1986லதான் இறந்தாங்க, அத நெனச்சாலே எனக்கு மனசு கஷ்டமாயிடும். படுக்கையறைய காட்டவே தேவையில்ல, அரசியல்லயே அவ்ளோ டிராமா இருக்கு. வெளிநாட்டு பேப்பர்லாம் இவங்க காதல பத்தி எழுதித் தள்ளுது, இங்கிலாந்து பேப்பர் மட்டும் 1936 டிசம்பர் வரைக்கும் வாயத் தொறக்கல, அப்புறம் ஒரே வாரத்துல மொத்தமும் வெடிச்சு, வாலிஸ கல்யாணம் பண்ணிக்க ராஜா பதவியே வேணாம்னு எட்வர்ட் டிசம்பர் 10ல கையெழுத்து போட்டு மறுநாள் ரேடியோல பேசிட்டு நாட்ட விட்டே கெளம்பிட்டாரு. இளவரசரா 1922 ஜனவரில நம்ம மெட்ராஸுக்கும் வந்தாரு, கடையடைப்பு, கலவரம்னு ஊரே கொதிச்சுது. ஆனா ஒரு விஷயம், ரெண்டு தடவ டைவர்ஸ் ஆனவங்கன்றதுக்காக வாலிஸ வில்லியா மட்டும் காட்டக்கூடாது, நம்ம தெருவுலயும் பொம்பளைய மட்டும்தான பேசுவாங்க. 1937ல ஜெர்மனி போயி ஹிட்லர பாத்தாங்களே ரெண்டு பேரும், அதயும் மறைக்காம காட்டணும்.