பாட்டி நகையை உருக்கி அட்டிகை செய்யப் போகிறீர்களா? எடையோடு டச்சையும் எழுதி வையுங்கள்

கேள்வி: பாட்டி விட்டுப்போன இரட்டை வடச் சங்கிலியும் ஒரு ஜோடி கல் தோடும் சேர்த்து 5 பவுன் இருக்கிறது. இரண்டிலும் எந்த முத்திரையும் இல்லை. கடையில் கொடுத்து மாற்றாமல், ஊர்ப் பத்தரிடமே கொடுத்து மகள் கல்யாணத்துக்குக் கையால் ஒரு கெம்புக்கல் அட்டிகை செய்ய ஆசை. உருக்கினால் எவ்வளவு குறையும்? சேதாரம் எவ்வளவு நியாயம்? ஏமாந்துவிடுவாய் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: நகை உங்கள் கையிலிருந்து போய் அட்டிகையாகத் திரும்பி வருவதற்குள் எடை நாலைந்து முறை மாறும். ஏன் மாறியது என்று தெரியாவிட்டால் ஒவ்வொரு முறையும் வயிற்றைக் கலக்கும். அதனால் ஒரு நோட்டுப் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு எண்களை எழுதுங்கள். ஒன்று எடை, மற்றது டச். நூறு பங்கில் எத்தனை பங்கு தங்கம் என்பதைத்தான் பட்டறையில் டச் என்கிறார்கள்; நம் பாட்டிமார் மாற்று என்றார்கள். இரண்டையும் பெருக்கினால் வருவது சுத்தத் தங்கம். உங்கள் சொத்து அதுதான். எடை குறையலாம், கூடலாம். இந்தச் சுத்தத் தங்கக் கணக்கு மட்டும் காரணமில்லாமல் குறையக் கூடாது.

முதலில் தோட்டை எடுத்துப் பாருங்கள். கையால் கட்டிய மூடிய பதிப்பில் கல் ஆடாமல், ஓரம் தேயாமல் இருந்தால் அதை உருக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. சங்கிலியை எப்போது வேண்டுமானாலும் திரும்பச் செய்துகொள்ளலாம். அந்தப் பதிப்பு வேலையை இன்று செய்து தரும் கைகள் குறைந்துவிட்டன. திருகாணி தேய்ந்திருந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இருந்தாலும் நீங்கள் கேட்டபடி இரண்டையும் சேர்த்தே கணக்குப் போடுவோம்.

5 பவுன் என்றால் 40.000 கிராம். உருக்கும் முன் பத்தர் தோட்டிலிருந்து கற்களைக் கழற்றி, கல்லுக்கு அடியில் நிரப்பியிருக்கும் அரக்கையும் சுரண்டி எடுப்பார். கல்லும் அரக்கும் 1.650 கிராம் இருந்ததாக வைத்துக்கொள்வோம். மீதி 38.350. கற்களை எண்ணி, ஒரு பொட்டலத்தில் போட்டு அப்போதே வாங்கிக்கொள்ளுங்கள். பழைய கெம்பு என்றால் அட்டிகைக்கே திரும்பப் பயன்படும். கொக்கியில் இரும்புச் சுருள் இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்ப்பதும் இந்தக் கட்டத்தில்தான்.

சங்கிலியை எப்போதாவது ஈயம் வைத்து ஒட்டியிருந்தால் பத்தரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரியும் ஒட்டு பெரும்பாலும் அதுதான். துளி ஈயம் கலந்தாலும் தங்கம் தன் இளக்கத்தை இழந்துவிடும். தகடாக அடிக்கும்போது ஓரமெல்லாம் பிளந்து பிஸ்கட் போல நொறுங்கும். பத்தர் மேல் குற்றம் இருக்காது, ஆனால் மொத்தக் கட்டியையும் சுத்திகரிக்க வேண்டிவரும். அந்த ஒட்டு இருக்கும் வளையங்களை மட்டும் வெட்டித் தனியே வைத்துவிட்டால் போதும்.

உருக்குவதைக் கண்ணால் பாருங்கள். எந்த நல்ல பத்தரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். மூசை என்ற உருக்கும் கிண்ணத்தில் நகையைப் போட்டு வெங்காரம் (போராக்ஸ்) தூவுவார். வெங்காரம் உருகி, செம்பில் பிடிக்கும் கறுப்பையும் அழுக்கையும் தன்னோடு இழுத்துக்கொண்டு கண்ணாடி மாதிரி மேலே மிதக்கும். சுத்தத் தங்கம் 1064 டிகிரி செல்சியஸில் உருகும். செம்பும் வெள்ளியும் கலந்த நகை அதற்கும் குறைந்த சூட்டிலேயே உருகிவிடும். உருகியதை நன்றாகக் கலக்கிவிட்டு ஊற்றச் சொல்லுங்கள். கலக்காவிட்டால் கட்டியின் ஒரு பக்கம் ஒரு டச்சும் மறுபக்கம் வேறு டச்சும் காட்டும். கட்டி ஆறியதும் எடை போட்டால் 37.900 என்று வரலாம். குறைந்த 0.450 கிராமில் பெரும்பங்கு சங்கிலி வளையங்களுக்குள் பல வருடமாகச் சேர்ந்த அழுக்கு, மிச்ச அரக்கு, பற்றுப் பொடியில் (வளையங்களை ஒட்ட உருக்கி வைக்கும் உலோகப் பொடி) இருந்த துத்தநாகம் புகையாகப் போனது. மூசையில் ஒட்டிய கசடை உடைத்துப் பார்த்தால் கடுகு அளவில் தங்கமணிகள் நிற்கும். அவற்றைப் பொறுக்கிக் கட்டியோடு சேர்த்த பிறகு எடுக்கும் எடைதான் சரியான எடை.

அடுத்தது சோதனை. உரைகல்லில் உரசிப் பார்ப்பது அனுபவக் கைக்கு நல்ல அடையாளம் காட்டும். ஆனால் ஒரு டச், இரண்டு டச் வித்தியாசத்தில் பணம் கைமாறும்போது அது போதாது. எக்ஸ் கதிரால் சோதிக்கும் எக்ஸ்ஆர்எஃப் மெஷின் சில நிமிடத்தில் எண்ணாகச் சொல்லும். அது படிப்பது மேல்தோலை மட்டும்தான். ஆகவே நகையாக இருக்கும்போது காட்டிய எண்ணை நம்ப வேண்டாம். உருக்கிய கட்டியை இரண்டு பக்கமும், மூன்று இடத்தில் வைத்துப் பார்த்துச் சராசரி எடுங்கள். எண்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் சிறு துண்டு வெட்டி நெருப்புச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். அதுதான் இறுதித் தீர்ப்பு. இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் அங்கீகரித்த ஹால்மார்க் மையங்களில் பொதுமக்களும் நேரில் கொடுத்துச் சோதித்து அறிக்கை வாங்கலாம்.

சோதனையில் 87.5 டச் வந்தது என்று வையுங்கள். பழைய நகைக்கு இது ஆச்சரியமான எண் இல்லை. இந்தியாவில் தங்கத்துக்கு ஹால்மார்க் வந்ததே 2000-இல்தான். அதற்கு முந்தைய சங்கிலிகளில் வளையத்துக்கு வளையம் பற்று வைத்திருப்பார்கள்; அந்தப் பொடியின் தரம் நகையின் தரத்தைவிடக் குறைவு. 37.900-ஐ 87.5 சதவீதத்தால் பெருக்கினால் 33.163 கிராம் சுத்தத் தங்கம். நோட்டில் இந்த எண்ணைக் கட்டம் போட்டு வையுங்கள்.

பலரும் சறுக்கும் இடம் இனிமேல்தான். “கொஞ்சம் சுத்தத் தங்கம் சேர்த்தால் 916 ஆகிவிடும்” என்று எளிதாகச் சொல்வார்கள். கணக்குப் போட்டால், இந்த 37.900 கிராமை 91.6 டச்சுக்கு, அதாவது 22 காரட்டுக்கு, ஏற்ற ஏறக்குறைய 18.7 கிராம் 99.9 சுத்தத் தங்கம் வேண்டும்! அட்டிகையே 7 பவுனாகிவிடும். அதனால் டச் 91.6-க்கு ஓரிரண்டு புள்ளி குறைந்திருந்தால் மட்டும் சேர்த்து ஏற்றலாம். அதற்கும் கீழே இருந்தால் கட்டியைச் சுத்திகரிப்பவரிடம் கொடுத்து 99.9 தங்கமாக மாற்றிக்கொள்வதே சிக்கனம். சுத்திகரிப்பில் சிறிது கழியும். 33.000 கிராம் கைக்கு வந்ததாகக் கொள்வோம்.

அதில் செம்பும் வெள்ளியும் சேர்த்து 22 காரட் ஆக்க வேண்டும். மூன்று கிராம் சேர்த்து 36 ஆக்கினால் கணக்கு அழகாகத் தெரியும், ஆனால் அந்த 33 கிராமும் 99.9 தரம்தான் என்பதால் டச் 91.58-இல் நிற்கும், ஹால்மார்க் சோதனையில் நகை தோற்றுவிடும். 2.950 கிராம் சேர்த்து 35.950-இல் நிறுத்தினால் 91.7. இந்தச் சின்ன இடைவெளி பற்று வைக்கும்போது விழும் தரத்தையும் தாங்கிக்கொள்ளும். சேர்ப்பதில் செம்பு கூடினால் நகை சிவந்து, கெட்டியாக இருக்கும். வெள்ளி கூடினால் வெளுத்த மஞ்சளாக, இளக்கமாக இருக்கும். கெம்புக்கு எந்த நிறம் எடுப்பாக இருக்கும் என்று பத்தரையே கேளுங்கள். கொக்கிக்கும் வளையத்துக்கும் செம்பு தூக்கலான கம்பி நல்லது.

இனி வேலை பட்டறைக்குள். கட்டியைத் தகடாகவும் கம்பியாகவும் இழுப்பார்கள். அடிக்க அடிக்க, இழுக்க இழுக்கத் தங்கம் இறுகும். இடையிடையே மங்கிய சிவப்பு ஏறும்வரை காய்ச்சி ஆறவிட்டால்தான் மறுபடி இளகும். அவசரப்பட்டுக் காய்ச்சலைத் தவிர்த்தால் மயிரிழை போல விரிசல் விழும். அது அட்டிகை கழுத்தில் ஏறி ஆறு மாதம் கழித்துத்தான் தெரியவரும். உள்ளே வெற்றிடமாக இருக்கும் குண்டு, மொட்டு ஒவ்வொன்றிலும் ஊசிமுனைத் துளை இருக்கும். அதைக் குறை என்று நினைக்காதீர்கள். துளை இல்லாவிட்டால் சூட்டில் உள்காற்று விரிந்து குண்டு வெடித்துவிடும்.

பற்று வைப்பதை ஒருமுறை அருகில் உட்கார்ந்து பாருங்கள். ஒட்ட வேண்டிய இடத்தில் வெங்காரக் குழம்பைத் தடவி, எள்ளில் பாதிகூட இல்லாத பொடித்துணுக்கைச் சாமணத்தால் எடுத்து வைத்து, ஊதுகுழலால் சுடரைச் சாய்த்து ஊதுவார். மின்விசிறி நின்றிருக்கும். துணுக்கு முதலில் உருண்டு நிற்கும். நகை மொத்தமும் சூடேறிய அந்தக் கணத்தில் பளிச்சென்று ஓடி இடுக்கில் புகும். அதற்கு மேல் ஒரு நொடி ஊதினால் பக்கத்து ஒட்டும் சேர்ந்து இளகிவிடும். பொடி வைத்துப் பேசுகிறான் என்ற வழக்கே இங்கிருந்து வந்ததாகச் சொல்வார்கள். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “பொடி 916 தரமா? காட்மியம் இல்லாததா?” கேடிஎம் என்று பலரும் தரச் சான்று போலச் சொல்வது உண்மையில் காட்மியப் பற்றை. காட்மியம் 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். அந்தப் புகை ஊதுகிறவரின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். காட்மியம் வேண்டாம் என்று நீங்கள் சொல்வது அந்தப் பட்டறையில் வேலை செய்கிற எல்லாருக்கும் செய்கிற நன்மை. பொடி உங்கள் தங்கத்திலேயே செய்ததா, அவருடையதா என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவருடையது என்றால் அந்த எடை உங்கள் கணக்கில் கூடும்.

சேதாரத்துக்கு வருவோம். அராவும்போது, வெட்டும்போது, மெருகு போடும்போது தங்கம் தூளாகப் போவது உண்மை. ஆனால் அது காற்றில் கரைவதில்லை. அரப்பொடி மடியில் விரித்த துணியிலும் மரத்தட்டிலும் விழும். கை கழுவும் தண்ணீரைக்கூடத் தொட்டியில் தெளியவிட்டு வைப்பார்கள். பட்டறை மண்ணை அரித்துப் பொன் எடுக்கவே ஆட்கள் உண்டு. திரும்பக் கிடைக்காமல் போவது சிறு பங்கு. மீதி, வேலையின் நுணுக்கத்துக்குப் பத்தர் தங்கமாக வாங்கிக்கொள்ளும் கூலி. அதில் தவறில்லை, நாலைந்து வாரம் குனிந்து செய்யும் வேலை இது. ஆனால் சேதாரம் சதவீதத்தில் இருந்தால் தங்க விலை ஏறும்போது கூலியும் தானாக ஏறும். எனவே சேதாரத்தைக் குறைவாகவும், கூலியை ரூபாயில் தனியாகவும் பேசுங்கள். கல் பதிக்கும் அட்டிகைக்கு 3 சதவீதச் சேதாரமும், கைநிறையக் கூலியும் இரு தரப்புக்கும் நியாயம் என்பது எங்கள் மதிப்பீடு. வெறும் வளையல் என்றால் அதைவிடக் குறைய வேண்டும், கம்பி வேலை நிறைந்தது என்றால் கூடும். சதவீதம் எதன் மேல் என்பதும் முக்கியம். கொடுத்த தங்கத்தின் மேலா, முடிந்த நகையின் மேலா? பின்னதுதான் உங்களுக்குச் சரி.

தவறவிடக் கூடாத எடை, பற்றும் அராவலும் முடிந்து கல் பதிக்கும் முன் எடுப்பது. கல்லும் அரக்கும் ஏறிவிட்டால் பிறகு நிகர எடையைப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. அன்று நேரில் போய், மில்லிகிராம் காட்டும் தராசில், பூஜ்ஜியம் பார்த்து எடை போடுங்கள். 33.600 கிராம் வந்தால்: 3 சதவீதச் சேதாரம் 1.008. இரண்டும் சேர்ந்து 34.608. கொடுத்த 35.950-இல் மீதி 1.342 கிராம். அதைத் துண்டாகவே கேட்டு வாங்குங்கள், அல்லது தங்கை மகளுக்கு மூக்குத்தி செய்யச் சொல்லுங்கள். முதலில் கட்டம் போட்ட எண்ணோடு ஒப்பிட்டால், 33.163-இல் எது எங்கே போனது என்பதற்கு ஒவ்வொரு வரியிலும் விடை இருக்கும்.

ஹால்மார்க் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பதிவு பெற்ற நகைக்கடை வழியாகத்தான் அது நடக்கும்; பல பத்தர்கள் தங்களுக்குப் பழக்கமான கடை மூலம் செய்து தருவார்கள். பிஐஎஸ் முக்கோணம், 22கே916, அந்த நகைக்கே உரிய ஆறு எழுத்தெண் கொண்ட அடையாளக் குறியான ஹெச்யூஐடி ஆகிய மூன்றும் பதிந்திருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் கடைகளில் ஹெச்யூஐடி இல்லாமல் ஹால்மார்க் நகை விற்க முடியாது. அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்த்தால் நகையின் வகையும் தரமும் வரும். முத்திரை வேண்டாம் என்றால் சோதனை அறிக்கையாவது வாங்கி வையுங்கள். நாளை அடகு வைக்கவோ விற்கவோ நேர்ந்தால் கை கொடுக்கும்.

தை முகூர்த்தத்துக்கு நகை வேண்டுமென்றால் மார்கழியில் போய் நிற்காதீர்கள். அப்போது பட்டறையில் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வேலைகள் குவிந்திருக்கும். ஆடியில் கொடுங்கள். முகூர்த்தம் இல்லாத மாதம், பத்தருக்கும் கையில் வேலை குறைவாக இருக்கும், காய்ச்சல் ஒன்றைக்கூடத் தவிர்க்காமல் நிதானமாகச் செய்வார்.