இரண்டு சுற்றில் நின்றுபோகும் நீராவி எந்திரம்

கைவேலை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். பள்ளி விடுமுறையில் நானும் 12 வயது மகளும் சேர்ந்து, பெட்டியில் பாகம் பாகமாக வந்த ஒரு நீராவி எந்திரத்தைப் பூட்டினோம். சிலிண்டர் இடமும் வலமும் ஆடுகிற வகை. பாய்லர் கொதிக்கிறது, ஆவி புஸ்ஸென்று வருகிறது. ஆனால் சக்கரத்தைத் தள்ளிவிட்டால் இரண்டு சுற்று சுற்றிவிட்டு நின்றுவிடுகிறது. சிலிண்டர் ஓரத்தில் தண்ணீரும் தெறிக்கிறது. மகளுக்கு அழுகையே வந்துவிட்டது. எங்கே தப்பு செய்தோம்?
- ஒரு வாசகி, பொங்கோல்

பதில்: மகளிடம் முதலில் ஒன்று சொல்லுங்கள். ஆவி வருகிறது என்றால் பாதி வேலையை நீங்கள் இருவரும் சரியாகச் செய்துவிட்டீர்கள். மிச்சம் சிலிண்டர் பக்கம் மட்டும்தான்.

சக்கரத்தை எந்தப் பக்கம் தள்ளினீர்கள்? இந்த வகை எந்திரம் தானாகக் கிளம்பாது, கையால் ஒரு தட்டு தட்ட வேண்டும். ஆவி நுழைகிற ஓட்டை எந்தப் பக்கம் இருக்கிறதோ அதைப் பொறுத்து ஒரே திசையில்தான் ஓடும். மாற்றித் தள்ளினால் கை கொடுத்த வேகத்தில் கொஞ்சம் சுற்றிவிட்டு நின்றுவிடும். எதிர்ப்பக்கம் தள்ளிப் பாருங்கள். அதிலேயே ஓடிவிட்டால் மற்றதெல்லாம் தேவையில்லை.

ஓடவில்லையா? தண்ணீர் தெறிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பார்ப்போம். சிலிண்டர் குளிர்ந்து கிடக்கும்போது உள்ளே போகிற ஆவி உடனே தண்ணீராகிவிடும். தண்ணீரை அமுக்க முடியாது, அதனால் பிஸ்டன் முட்டிக்கொண்டு நிற்கும். சக்கரத்தைக் கையாலேயே பத்துப் பதினைந்து சுற்று சுற்றுங்கள். தண்ணீர் வெளியேறி சிலிண்டர் சூடேறும்வரை பொறுமையாகச் சுற்ற வேண்டும். சூடான பாகத்தில் விரல் படக் கூடாது, சக்கரத்தின் விளிம்பை மட்டும் தொடுங்கள்.

உங்கள் மகளுக்குப் பிடிக்கும் என்பதால் இதையும் சொல்கிறேன். 1763இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் நியூகோமன் என்பவர் உருவாக்கிய பழைய நீராவி எந்திரத்தின் சின்ன மாதிரி ஒன்றைப் பழுதுபார்க்கச் சொல்லி ஜேம்ஸ் வாட்டிடம் கொடுத்தார்கள். அதுவும் சில அடிகள் அடித்துவிட்டு நின்றுபோனது. பாய்லரில் இருந்த ஆவியெல்லாம் குளிர்ந்த சிலிண்டரைச் சூடாக்குவதிலேயே தீர்ந்துபோகிறது என்று அவர் கண்டுபிடித்தார். 1765இல், ஆவியைக் குளிர்விக்கத் தனிக் கலம் வைக்கும் யோசனை அவருக்குத் தோன்றியது அதிலிருந்துதான். என் அப்பாவைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்த ரஜுலா கப்பலும் 1926இல் அதே கிளாஸ்கோவில் கட்டிய நீராவிக் கப்பல். அப்பா அந்தக் கப்பலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எந்திர அறைச் சத்தத்தைத்தான் முதலில் சொல்வார். நான் கப்பல் பட்டறையில் பாய்லர் வேலைக்குப் போனதற்கு அந்தப் பேச்சும் ஒரு காரணம்.

சரி, எந்திரத்துக்கு வருவோம். சூடேறிய பிறகும் நின்றால் நெருப்பை அணைத்து, எல்லாம் நன்றாக ஆறட்டும். பிறகு சிலிண்டரைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்கைப் பாருங்கள். முதல்முறை பூட்டுகிறவர்கள் கசியக் கூடாது என்று நட்டை இறுக்கிவிடுவார்கள். அப்படிச் செய்தால் உரசலிலேயே சக்தி போய்விடும். ரொம்பத் தளர்த்தினால் ஆவி இடுக்கு வழியே ஓடிவிடும். நட்டைத் தளர்த்தி, சிலிண்டரை விரலால் ஆட்டிப் பாருங்கள். தடையில்லாமல் ஆட வேண்டும், ஆனால் லொடலொடக்கக் கூடாது. அங்கிருந்து கால் சுற்று, கால் சுற்றாக இறுக்குங்கள்.

கடைசியாக, சிலிண்டரும் அதைத் தாங்கும் தகடும் ஒன்றையொன்று தொடுகிற முகங்கள். சிலிண்டரைக் கழற்றி அதன் முகத்தில் மார்க்கர் பேனாவால் கறுப்பு பூசுங்கள். மை காய்ந்ததும் 1,000 நம்பர் நீர்த்தாளை (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) கண்ணாடி மேல் விரித்து, சிலிண்டர் முகத்தை அதில் எட்டு வடிவில் நாலைந்து முறை தேயுங்கள். மை எங்கே அழியாமல் நிற்கிறதோ அங்கே பள்ளம். அது மறையும்வரை தேய்த்து, சோப்பு நீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் விட்டுப் பூட்டுங்கள். மகள் கையிலேயே கொடுங்கள், பிள்ளைகளின் விரல் இதற்கு நம்முடையதைவிட நிதானமானது.

இனிமேல் எந்த எந்திரம் பூட்டினாலும் நெருப்பு வைப்பதற்கு முன் காற்றில் ஓட்டுங்கள். ஆவிக் குழாயில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி வாயால் ஊதுங்கள். ஊதும்போது சக்கரம் சுற்றினால் ஆவியிலும் சுற்றும். என் முதல் எந்திரத்தில், இணைப்பு கசியாமல் இருக்கத் தடவும் கேஸ்கெட் பசையைத் தாராளமாகத் தடவிவிட்டேன், அது உள்ளே பிதுங்கி ஊசிமுனை அளவு ஓட்டையை அடைத்துக்கொண்டது. மூன்று இரவு நெருப்பு மூட்டி எரிபொருளைத் தீர்த்தேன். நாலாவது நாள் தையல் ஊசியை விட்டுப் பார்த்தபோதுதான் பச்சைப் பசை ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரே ஒரு தடவை ஊதிப் பார்த்திருந்தால் அந்த மூன்று இரவும் மிச்சம்.

கேள்வி: பாய்லருக்கு ஏர்கான் தண்ணீர் விடலாமா? சிலிண்டருக்குத் தேங்காய் எண்ணெய் போதுமா?
- ஒரு வாசகர், சுவா சூ காங்

பதில்: ஏர்கான் தண்ணீரில் உப்பு இல்லைதான், ஆனால் தூசும் பூஞ்சையும் கலந்து வரும். கார் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள், மலிவு. முக்கால் பங்குக்கு மேல் நிரப்பினால் ஆவியோடு தண்ணீரும் சேர்ந்து சிலிண்டருக்குப் போகும். நெருப்பு அணையும்போது பாய்லரில் தண்ணீர் மிச்சம் இருக்க வேண்டும். வெறும் பாய்லர் காய்ந்தால் ஈயப்பற்று உருகி இணைப்பு விட்டுவிடும்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆகப் பிசின் மாதிரி ஒட்டும். தையல் மெஷின் எண்ணெய் அச்சுக்குச் சரி, சிலிண்டருக்குள் ஆவி அதைக் கழுவிவிடும். நீராவிச் சிலிண்டருக்கென்றே கெட்டியான எண்ணெய் உண்டு. நம் ஊர் ஈரத்துக்கு இன்னொன்றும் செய்யுங்கள்: ஓட்டி முடித்து, வெதுவெதுப்பு இருக்கும்போதே தண்ணீரைக் கொட்டிவிட்டு, எஃகுப் பாகங்களை எண்ணெய்த் துணியால் துடையுங்கள். ஒரு வாரம் மறந்தால் துரு ஏறிவிடும்.

கேள்வி: சுங்கை ரோடு சந்தை மூடுவதற்கு முன் வாங்கிய பழைய எந்திரம். சேஃப்டி வால்வு வழியாக ஆவி போய்க்கொண்டே இருக்கிறது. அதன் ஸ்பிரிங்கை இறுக்கிவிடலாமா?
- ஒரு வாசகர், அங் மோ கியோ

பதில்: கூடாது. அழுத்தம் மீறும்போது ஆவியை வெளியே விடுவதற்குத்தான் அந்த வால்வு. தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள். இவ்வளவு சின்னப் பாய்லர் என்ன செய்துவிடும் என்று தோன்றும். ஒன்றரை 'பார்' அழுத்தத்தில் (பார் என்பது அழுத்தத்தின் அளவு, ஒரு பார் ஏறக்குறைய வெளிக் காற்றின் அழுத்தம்) உள்ளே இருக்கும் தண்ணீரின் சூடு ஏறக்குறைய 127 டிகிரி. பாய்லர் பிளந்தால் அதில் ஒரு பகுதி அந்தக் கணமே ஆவியாகி விரியும். ஒரு லிட்டர் தண்ணீர் முழுக்க ஆவியானால் ஏறக்குறைய 1,700 லிட்டர் இடம் கேட்கும். பட்டறையில் வெந்துபோன கைகளைப் பார்த்தவன் நான், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வால்வைப் புதிதாக மாற்றுங்கள், அதே பாய்லருக்கு உரியதாகப் பார்த்து. மூட்டுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் அதன் தண்டைக் குறடால் மெதுவாகத் தூக்கி விடுங்கள், சிக்காமல் திரும்பி உட்கார வேண்டும். பழைய பாய்லர் என்பதால் குளிர்ந்த தண்ணீர் முழுக்க நிரப்பி, கைப்பம்பால், எந்திரம் வழக்கமாக ஓடும் அழுத்தத்தைப் போல் இரண்டு மடங்கு ஏற்றிச் சோதிக்க வேண்டும். காற்றால் இந்தச் சோதனை செய்யவே கூடாது. பழக்கமில்லை என்றால் பாய்லர் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். ஒரு துளி கசிந்தாலும் அந்தப் பாய்லரை அலமாரியில் வைத்துவிட்டு, எந்திரத்தைத் தனியாகச் சைக்கிள் பம்புக் காற்றில் ஓட்டுங்கள். அப்படியும் நன்றாகவே ஓடும்.