பிளாஸ்மா டிவியில் தங்கிவிட்ட சேனல் முத்திரை: பேனல் உண்மையிலேயே போய்விட்டதா?

திருச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "2012-இல் வாங்கிய 42 அங்குல பிளாஸ்மா டிவி எங்கள் வீட்டில் இருக்கிறது. அப்பா நாள் முழுவதும் செய்திச் சேனல்தான் பார்ப்பார். இப்போது எந்தச் சேனலுக்கு மாற்றினாலும் மேல் மூலையில் அந்தச் சேனலின் முத்திரையும் கீழே செய்திப் பட்டையும் மங்கலாகத் தெரிகின்றன. போன மாதம் பவர் போர்டை மாற்றியதிலிருந்து, இருட்டுக் காட்சிகளில் சிவப்புப் புள்ளிகள் வேறு மினுக்குகின்றன. பேனல் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். இன்னொருவர், நிழலை 'வாஷ்' செய்து எடுத்துத் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கிறார். என்ன செய்வது?"

இரண்டு பேர் சொன்னதையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். உங்கள் டிவியில் இருப்பவை இரண்டு தனித்தனிக் கோளாறுகளாக இருக்கவே வாய்ப்பு அதிகம்; ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றொன்றுக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

முதலில் நிழலை எடுத்துக்கொள்வோம். பிளாஸ்மா திரையின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சிற்றறைகள் உண்டு. அவற்றில் அடைக்கப்பட்டிருக்கும் நியான், செனான் வாயுக் கலவையில் மின்சாரம் பாயும்போது புற ஊதாக் கதிர் பிறக்கிறது. அக்கதிர் அறையின் சுவரில் பூசியுள்ள பாஸ்பர் மீது பட்டு, அதை ஒளிரச் செய்கிறது. ஒரே முத்திரை மணிக்கணக்கில் ஒரே இடத்தில் பளிச்சென்று எரிந்தால், அந்த அறைகள் சூடேறி, மின்முனைகளை மூடியிருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு படலத்தின் தன்மையும் சற்று மாறுவதால், படம் மாறிய பிறகும் அவை பக்கத்து அறைகளைப் போல நடந்துகொள்வதில்லை. இது தற்காலிக நிழல். சில நிமிடங்களில், சில மணி நேரத்தில், கடுமையாக இருந்தால் சில நாட்களில் கலைந்துவிடும். பாஸ்பரே தேய்ந்து அதன் ஒளிரும் திறன் குறைந்துபோவது வேறு. அதைத்தான் பர்ன்-இன் என்கிறோம். மூன்று நிறங்களில் நீலப் பாஸ்பர்தான் விரைவாகத் தேய்கிறது. அதனால் வெள்ளை முத்திரை நெடுங்காலம் எரிந்த இடம், வெள்ளைத் திரையில் இலேசான மஞ்சள் சாயையுடன் தெரியும்.

உங்கள் வீட்டில் இருப்பது எது என்பதை நீங்களே கண்டறியலாம். முழுக்கச் சாம்பல், வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என ஐந்து வெற்றுப் படங்களைப் பென் டிரைவில் ஏற்றி, இரவில் அறை விளக்குகளை அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றையும் சில விநாடிகளுக்கு மேல் நிறுத்தி வைக்க வேண்டாம். அதே இடத்தில் நின்று செல்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டு, பிறகு ஒரு வாரம் செய்திச் சேனலைத் தவிர்த்து, திரையை முழுவதும் நிரப்பும் திரைப்படங்களையும் முத்திரையில்லாத நிகழ்ச்சிகளையும் ஓடவிடுங்கள். வாரக் கடைசியில் அதே சோதனையை மறுபடி செய்யுங்கள். நிழல் இருட்டுக் காட்சிகளில் மட்டும் மெல்லிய வெளிச்சமாகத் தெரிந்து, நாளுக்கு நாள் மங்கி வந்தால் அது தற்காலிக நிழலே. நீலத் திரையில் கருமையாக, ஓரம் தெளிவாகப் பதிந்து, ஒரு வாரத்துக்குப் பிறகும் மாறாமல் இருந்தால் பாஸ்பர் தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

இந்த ஒரு வாரத்துக்குள் அமைப்புகளையும் மாற்றிவிடுங்கள். கடைகளில் பளபளப்பாகக் காட்டுவதற்காக வைக்கும் 'டைனமிக்' அல்லது 'விவிட்' நிலையை விட்டு, 'சினிமா' அல்லது 'ஸ்டாண்டர்ட்' நிலைக்கு வந்து, காண்ட்ராஸ்டைப் பாதி அளவுக்குக் குறையுங்கள். படத்தை அவ்வப்போது ஓரிரு புள்ளி நகர்த்தும் வசதி பெரும்பாலான செட்டுகளில் உண்டு. அது பிக்சல் ஆர்பிட்டர், பிக்சல் ஷிப்ட் என்ற பெயர்களில் மெனுவில் இருக்கும். அது இயங்குகிறதா என்று பாருங்கள். பழைய சதுர வடிவ ஒளிபரப்பை இருபுறமும் கறுப்புப் பட்டையுடன் பார்க்கும் வழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். நடுப்பகுதி மட்டும் தேய்ந்து, பின்னாளில் முழுத்திரைப் படம் போடும்போது ஓரங்கள் தனியே பளிச்சிடும்.

'வாஷ்' செய்வதாகச் சொல்பவர் செய்யப்போவது, டிவி மெனுவிலேயே இருக்கக்கூடிய 'ஒயிட் வாஷ்' அல்லது ஓடும் வெள்ளைப் பட்டையை இயக்கிவிடுவதாகத்தான் இருக்கும். தற்காலிக நிழலுக்கு அது உதவும். அரை மணி நேரம் ஓட்டிப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் தேய்ந்த பாஸ்பரை எந்த வாஷும் மீட்டுத் தராது. இரவு முழுக்க வெள்ளையை ஓடவிட்டால், மீதிப் பாஸ்பரும் சேர்ந்து தேய்வதுதான் மிச்சம். இதற்காக யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

சிவப்புப் புள்ளிகளுக்கு வருகிறேன். போர்டு மாற்றிய பிறகு தொடங்கியது என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் முக்கியமான தடயம். தொழிற்சாலையிலிருந்து வரும் பிளாஸ்மா பேனல்கள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரே மாடலிலும் ஒவ்வொரு பேனலும் சற்று வேறுபட்ட மின்னழுத்தத்தில்தான் சரியாக இயங்கும். அதனால் பல செட்டுகளில் பின்மூடியைக் கழற்றினால், அந்தக் குறிப்பிட்ட பேனலுக்குரிய வி.எஸ். (அறைகளைத் தொடர்ந்து எரியவைப்பது), வி.ஏ. (எரிய வேண்டிய அறையைத் தேர்ந்தெடுப்பது) முதலிய மின்னழுத்த அளவுகள் அச்சிட்ட ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். பவர் போர்டை மாற்றுபவர் மல்ட்டிமீட்டரை வைத்து, மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கப் போர்டில் உள்ள சிறு திருகுகளை அந்தச் சீட்டின்படி சரிசெய்ய வேண்டும். வேறு செட்டிலிருந்து கழற்றிய போர்டை அப்படியே மாட்டிவிட்டால், எரிய வேண்டிய அறை எரியாமலும், அணைந்திருக்க வேண்டிய அறை மினுக்கியும் கோளாறு காட்டும். மெக்கானிக்கிடம் கேளுங்கள்: "சீட்டில் உள்ள வோல்ட்டேஜுக்கு செட் பண்ணினீர்களா?" தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தும் புள்ளிகள் நிற்காவிட்டால்தான் மற்ற போர்டுகளையும் பேனலையும் சந்தேகிக்க வேண்டும். நீங்களாகத் திறக்க வேண்டாம். உள்ளே சுமார் 200 வோல்ட் ஓடுகிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும்.

இந்த மின்னழுத்த விஷயத்தில் உற்பத்தியாளர்களும் வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே வெளிப்படையாக இருந்ததில்லை என்பது என் வருத்தம். பானசோனிக் செட்டுகளில் கறுப்பு நாளடைவில் வெளிறுவதாகப் புகார் எழுந்த பிறகே, குறிப்பிட்ட மணி நேரங்களுக்கு ஒருமுறை டிவி தானாகவே மின்னழுத்தத்தைக் கூட்டிக்கொள்ளும் என்பதை 2010-இல் அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது.

பேனல்தான் பழுது என்று உறுதியானால் அதற்குமேல் செலவு செய்யாதீர்கள். பானசோனிக் 2013 கடைசியிலும், சாம்சங்கும் எல்.ஜி.யும் 2014-லும் பிளாஸ்மா உற்பத்தியை நிறுத்திவிட்டன. இன்று கிடைக்கும் பேனல், வேறொரு வீட்டில் பல ஆயிரம் மணி நேரம் ஓடியதாகவே இருக்கும். புதிதாக வாங்குவதானால், அப்பாவின் செய்திச் சேனலுக்கு எல்.இ.டி. பின்னொளி கொண்ட எல்.சி.டி. டிவியே பொருத்தம்; ஓ.எல்.இ.டி. வாங்கினால் அங்கும் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால், முத்திரையும் பட்டையும் பதியும் இதே தொல்லை வரக்கூடும்.