மீட்டரை மட்டும் நம்பாதீர்கள்

கேள்வி: பழைய கார் ஒன்று பார்த்திருக்கிறேன். குறைவாகத்தான் ஓடியிருக்கிறது என்கிறார் விற்பவர். நம்பி முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். மீட்டரைத் திருத்திவிட முடியும். பிரேக் பெடலின் ரப்பர் தேய்ந்து வழவழவென்று இருந்தால் வண்டி நிறைய ஓடியிருக்கிறது என்றுதான் அர்த்தம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. டயர் வண்டியைவிடப் புதிதாக இருந்தால், அதிகம் ஓடாத வண்டிக்கு ஏன் புது டயர் என்று கேளுங்கள். அப்புறம், குளிர்ந்த இன்ஜினை முதலில் கிளப்பும்போதுதான் புகையும் தட்டல் சத்தமும் தெரியும், அதனால் பானட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். விற்பவர் காட்டும் மெக்கானிக் வேண்டாம், உங்களுக்குத் தெரிந்தவரைக் கூட்டிப் போங்கள். வண்டிமேல் கடன் பாக்கி இல்லை என்று ஆவணத்தில் பார்த்த பிறகே முன்பணம்.