பாஸ் வாசிக்கிறவர் எதைக் கேட்கலாம்? ஃபங்க், ஜாஸ் கேள்வி பதில்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் பாஸ் கிட்டார் வாசிக்கிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. ஃபங்க், ஜாஸ் ஆல்பங்களில் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்பதுதான் விஷயம். பதிலுக்கு முன் ஒரு நிபந்தனை. போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு "ஒண்ணுமே இல்லையே அண்ணே" என்று வராதீர்கள். நாலு கம்பி பாஸின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. போன் ஸ்பீக்கர் அவ்வளவு கீழே இறங்காது. சுமாரான ஹெட்போனாவது மாட்டிக்கொள்ளுங்கள்.

கல்லூரி மாணவர், தல்லாகுளம்: அண்ணே, ஒரே ஒரு ஆல்பம் சொல்லுங்க. அதுலேர்ந்து ஆரம்பிக்கிறேன்.

மார்வின் கே பாடிய 'வாட்ஸ் கோயிங் ஆன்', 1971. ஜாஸும் இல்லை, முழு ஃபங்க்கும் இல்லை, சோல் இசை. ஆனாலும் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் இதில் பாஸ்காரர் ஜேம்ஸ் ஜேமர்சன் இருக்கிறார். இதை வெளியிட்ட மோடவுன் கம்பெனியின் ஆல்பங்களில் வாத்தியக்காரர் பெயரைப் போடும் வழக்கம் அதுவரை இல்லை. இதில் போட்டார்கள்.

ஜேமர்சன் வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றால்தான் மீட்டுவார். அந்த விரலுக்கே 'கொக்கி' என்று பட்டப்பெயர். 1962 ஃபெண்டர் பிரிசிஷன் பாஸ், வழவழப்பான ஃப்ளாட்வூண்ட் கம்பி. அறுந்தாலொழியக் கம்பியை மாற்ற மாட்டார். கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் மூடிக்கு அடியில் ஒரு துண்டு ஃபோம். அந்த ஃபோமைத்தான் நீங்கள் காதால் கண்டுபிடிக்க வேண்டும். மீட்டிய சுரம் இழுத்துக்கொண்டு போகாமல் 'தும்' என்று விழுந்து அடங்கிவிடும். அது அடங்கிய இடத்தில் பாடகருக்கு இடம் கிடைக்கிறது. புதிதாக வாசிக்கிறவர்கள் சுரத்தை எங்கே தொடங்குவது என்று மட்டும் பார்ப்பார்கள், எங்கே நிறுத்துவது என்று பார்ப்பதில்லை. கீழே எந்த ஆல்பத்தைச் சொன்னாலும் நான் கவனிக்கச் சொல்வது இதைத்தான்.

எல்லாப் பாட்டிலும் ஜேமர்சன் இல்லை. 'மெர்சி மெர்சி மீ'யும் 'இன்னர் சிட்டி ப்ளூஸ்'ஸும் பாப் பாபிட் வாசித்தவை. பெயர் பார்க்காமல் ஒரு வாரம் கேளுங்கள். அப்புறம் இருவரும் சுரத்தை நிறுத்தும் விதத்தில் என்ன வித்தியாசம் என்று பாருங்கள்.

சிம்மக்கல் வாசகர்: ஸ்லாப் கற்றுக்கொள்ள எந்த ஆல்பம்?

முதலில் லாரி கிரஹாம். சின்ன வயதில் அம்மாவோடு சேர்ந்து கிளப்புகளில் வாசித்தவர். அம்மா பியானோ. ட்ரம்ஸ் இல்லாமல் போனபோது, கட்டைவிரலால் கம்பியை அடித்து கிக் ட்ரம்மின் வேலையையும், விரலைக் கொக்கி போல மாட்டிக் கம்பியை இழுத்து ஸ்னேர் வேலையையும் இவரே பார்த்துக்கொண்டார். ஸ்லாப் பிறந்த கதை இது. ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோனின் 1970 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்'ஸில் 'தேங்க் யூ' பாட்டைக் கேளுங்கள். அப்புறம் அவருடைய சொந்தக் குழுவான கிரஹாம் சென்ட்ரல் ஸ்டேஷனின் 1974 முதல் ஆல்பம். வேகம் குறைவுதான், ஆனால் ஒவ்வொரு அடியும் ட்ரம்ஸ் மாதிரி விழும். அதற்கப்புறம் மார்கஸ் மில்லர் பாஸ் வாசித்த, மைல்ஸ் டேவிஸின் 'டுட்டு', 1986. இந்த வரிசையை மாற்றாதீர்கள். மில்லரிடம் நேராகப் போகிறவர்களுக்குச் சத்தம் வரும், தாளம் வராது.

மேலூர்: டேப் எங்கே கிடைக்கும்?

கம்பி வாரியாக எண் போட்டு எழுதிய தாளைத்தானே கேட்கிறீர்கள்? தேடினால் கிடைக்கும். ஆனால் முதலில் வாயால் பாடிப் பாருங்கள். பாட வராத வரியை விரல் வாசித்தாலும் அது மனப்பாடம்தான்.

வாடிப்பட்டி: எங்க ஊர் மேளம் கேட்டு வளர்ந்தவன் நான். தப்பும் அடிப்பேன். ஃபங்க் எனக்கு ஒட்டுமா?

உங்களுக்கு ஒட்டாமல் வேறு யாருக்கு ஒட்டும்! ஃபங்க்கில் 'த ஒன்' என்று ஒன்று உண்டு. நாலு எண்ணிக்கையில் முதல் அடி. ஜேம்ஸ் பிரவுன் தன் குழு முழுவதையும் அந்த ஓர் அடியில் சேர்ந்து இறங்க வைத்தார். நம் ஊரில் சமம் என்கிறோமே, அந்த இடம். நடுவில் யார் எங்கே வேண்டுமானாலும் திரியலாம், சமத்தில் வந்து விழ வேண்டும். 1970-ல் அவரிடம் பாஸ் வாசிக்கப் போன பூட்ஸி காலின்ஸ் அந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டு ஜார்ஜ் கிளின்டனிடம் போனார். கிளின்டனின் பார்லிமென்ட் குழுவின் 'மதர்ஷிப் கனெக்‌ஷன்', 1975. அதில் பூட்ஸி முதல் அடியைப் போட்டுவிட்டு என்ன செய்கிறார் என்று பாருங்கள். பல இடங்களில் ஒன்றும் செய்ய மாட்டார். தப்பில் அடித்த கையைத் தோல் மேலேயே அழுத்தி நாதத்தை அமுக்குவீர்களே, அதைக் கம்பியில் செய்யுங்கள். பாதி வேலை முடிந்தது.

உசிலம்பட்டி: இளையராஜா பாட்டுல இல்லாத பாஸா அண்ணே? பண்ணைப்புரத்தை விட்டுட்டு எதுக்கு அமெரிக்கா போறீங்க?

வரும் என்று தெரியும். ராஜா சார் பாட்டுகளின் பாஸைப் பற்றி எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. மெட்டுக்குக் கீழே இன்னொரு மெட்டு போகும். ஒரு தற்செயல் சொல்கிறேன். அவர் சினிமாவுக்கு வந்தது 1976. பாஸ்காரர் ஜாகோ பாஸ்டோரியஸின் முதல் ஆல்பமும், இன்னொரு பாஸ்காரர் ஸ்டான்லி கிளார்க்கின் 'ஸ்கூல் டேஸ்'ஸும், ஸ்டீவி வொண்டரின் 'சாங்ஸ் இன் த கீ ஆஃப் லைஃப்'பும் அதே வருஷம்தான்.

ஆனால் அது எழுதிக் கொடுத்த பாஸ். பல்லவி, இடையிசை, சரணம் என்று பாட்டு நடந்துகொண்டே இருக்கும், பாஸும் கூடவே மாறும். நாலரை நிமிஷத்தில் முடிந்துவிடும். ஒரே இரண்டு பார் வரியை (நாலு எண்ணிக்கை சேர்ந்தது ஒரு பார்) வைத்துக்கொண்டு பதினைந்து நிமிஷம் நின்ற இடத்தில் நிற்க அது கற்றுத்தராது, அதற்கு அவசியமும் இல்லை. அதற்குத்தான் ஹெர்பி ஹான்காக்கின் 'ஹெட் ஹன்டர்ஸ்', 1973. முதல் பாட்டு 'கமீலியன்' பதினைந்து நிமிஷத்துக்கும் மேல் ஓடும்.

உசிலம்பட்டியே மறுபடி: ரெண்டு பாரைத் திரும்பத் திரும்ப வாசிக்க மெஷின் போதுமே. இதுல என்ன வித்தை?

நன்றாகக் கேட்டீர்கள். நீங்கள் சொல்கிற அந்த முதல் வரியை வாசித்தது உண்மையிலேயே ஒரு சிந்தசைசர்தான். ஏஆர்பி ஒடிஸி. வாசித்தவர் ஹான்காக்.

பழங்காநத்தம்: மறுக்கிறேன். கமீலியன் லைனை பாஸ் கிட்டாரில் வாசிக்கிற வீடியோ எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

நானும் பார்த்திருக்கிறேன். உலகத்தில் பாஸ் வாங்கிய எல்லோரும் அதை வாசித்திருக்கிறார்கள். நான் சொல்வது 1973 ஆல்பத்தை. அதில் தொடக்க வரி சிந்தசைசர். அதற்கு மேல் 'சக்கு சக்கு' என்று கிட்டார் போல ஒன்று வருகிறதே, அதுதான் பால் ஜாக்சனின் பாஸ், மேல் ஸ்தாயியில். அந்த ஆல்பத்தில் கிட்டார்காரரே கிடையாது, சந்தேகமிருந்தால் அட்டையைப் பாருங்கள். நீங்கள் எதில் கேட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை, ஆனால் எனக்கு ஒரு யூகம் உண்டு. ஹெட்போன்.

கீபோர்டு வாசிக்கிறவர், அவனியாபுரம்: அப்ப பாஸே இல்லாத பாஸ் பாட்டை பாஸ்காரங்களுக்கு சிபாரிசு பண்றீங்க. நாங்க இடது கையில வாசிச்சா மட்டும் குத்தமா?

வாங்க, உங்களைத்தான் காணோம் என்று பார்த்தேன். கல்யாணம், கோயில் கொடை என்று போகிற ட்ரூப்புகளில் பாஸ்காரரை நிறுத்திவிட்டு, கீபோர்டு இடது கையும் ரிதம் பேடும் வைத்து ஒப்பேற்றுவது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஒரு ஆள் சம்பளம் மிச்சம். கோபம் எனக்கும் உண்டு, ஆனால் கோபம் இடது கை மேல் இல்லை.

பாஸ் என்பது ஒரு வேலை. அதை எந்த வாத்தியமும் பார்க்கலாம், ஒழுங்காகப் பார்த்தால். ஸ்டீவி வொண்டரின் 'இன்னர்விஷன்ஸ்' ஆல்பத்தில் 'ஹையர் கிரவுண்ட்' கேளுங்கள், அது அவரே வாசித்த மூக் சிந்தசைசர் பாஸ். சாவியை எப்போது விடுகிறார் என்று பாருங்கள். உங்கள் இடது கை கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) மாறும்வரை சாவியை அழுத்திக்கொண்டே இருக்கிறது. ட்ரம்ஸின் கிக்கோடு அது சேர்ந்து நிற்பதில்லை. ஹான்காக் அந்தக் கமீலியன் வரியில் ஒவ்வொரு சுரத்தையும் வெட்டி வெட்டி விடுகிறார். இடைவெளியில்தான் ஹார்வி மேசனின் ட்ரம்ஸ் வந்து உட்கார்கிறது. மெஷினுக்கும் இதற்கும் வித்தியாசம் கேட்ட உசிலம்பட்டிக்காரருக்கும் இதுதான் பதில்.

பாஸ்காரர்களுக்கும் ஒன்று. 1974-ல் இதே ஹான்காக்கின் 'த்ரஸ்ட்' வந்தது. அதில் 'ஆக்சுவல் ப்ரூஃப்'. பால் ஜாக்சன் ஒரு வரியை இரண்டு தடவை அப்படியே வாசிக்க மாட்டார், ஆனாலும் தடம் மாறாது. இதை எந்த இடது கை வாசிக்கிறது என்று பார்ப்போம்.

அவனியாபுரம்: சவாலா?

ஆமாம். அடுத்த கேள்வி.

செல்லூர்: ஸ்லாப்புக்கு நல்ல ஆல்பம்?

மேலே பாருங்கள், சிம்மக்கல்.

திருப்பரங்குன்றம்: வாய்ப்பாட்டு படித்தவள் நான். ஜாஸ் கேட்டால் தலையும் வாலும் புரியவில்லை. எங்கே பிடிப்பது?

உங்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. மைல்ஸ் டேவிஸ், 'கைண்ட் ஆஃப் ப்ளூ', 1959. முதல் பாட்டான 'ஸோ வாட்'டில் பால் சேம்பர்ஸின் டபுள் பாஸ்தான் பாட்டின் பல்லவியையே சொல்கிறது. பாஸ் ஒன்று கேட்கும், காற்று வாத்தியங்கள் இரண்டு சுரத்தில் பதில் சொல்லும். டோரியன் என்று அவர்கள் சொல்கிற ஸ்கேலின் சுரங்கள் உங்கள் கரகரப்பிரியாவின் சுரங்கள்தான். முதல் 16 பார் 'டி'யிலிருந்து, அடுத்த 8 பார் அரை சுரம் மேலே, கடைசி 8 பார் மறுபடி 'டி'. மொத்தம் 32. இந்தச் சுற்றுதான் பாட்டு முழுக்க ஓடுகிறது. தாளம் போடுகிற மாதிரி கையால் எண்ணிக்கொண்டே கேளுங்கள், அரை சுரம் ஏறும் இடம் காதில் தட்டும். அது தட்டிவிட்டால் உங்களுக்கு ஜாஸ் புரிய ஆரம்பித்துவிட்டது. கமகம் மட்டும் தேடாதீர்கள், ராகமாக எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

பாஸ் தனியாகப் பாடுவதைக் கேட்க வேண்டுமென்றால் பில் எவன்ஸ் ட்ரியோவின் 'சண்டே அட் த வில்லேஜ் வான்கார்ட்'. 1961 ஜூன் 25 பதிவு. ஸ்காட் லஃபாரோ அங்கே பியானோவுக்குத் துணை போகவில்லை, எதிரே உட்கார்ந்து பேசுகிறார். பதிவாகி இரண்டு வாரத்துக்குள் கார் விபத்தில் போய்விட்டார். வயது 25.

சர்ச் கொயரில் வாசிக்கிறவர், புதூர்: வாக்கிங் பாஸ் வேண்டும், ஆனால் வேகம் எனக்கு வராது.

ஆஸ்கர் பீட்டர்சன் ட்ரியோ, 'நைட் ட்ரெயின்'. பாஸ் ரே பிரவுன். பெரும்பாலும் ப்ளூஸ், நிதான நடை. 'சி ஜாம் ப்ளூஸ்'ஸோடு எண்ணிக்கைக்கு ஒன்றாகக் கால் சுரங்கள் மட்டும் வாசியுங்கள், வாக்கிங் என்பது அதுதான். ஞாயிறு ஆராதனைக்கு இது கெடுதல் செய்யாது.

ஒத்தக்கடை: என் பாஸில் ஃப்ரெட்டைப் பிடுங்கி ஃப்ரெட்லெஸ் ஆக்கலாமா? ஜாகோ அப்படித்தானே செய்தார்?

செய்தார். கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகளைத்தான் ஃப்ரெட் என்கிறோம். அவற்றைப் பிடுங்கிய இடத்தை அடைத்து, படகுக்குப் பூசும் எபாக்சியைப் பலகை மேல் பூசினார். இல்லையென்றால் சொரசொரப்பான ரவுண்ட்வூண்ட் கம்பி கட்டையைத் தின்றுவிடும். நீங்கள் பிடுங்குவதற்கு முன் அவருடைய 1976 ஆல்பத்தின் முதல் பாட்டு 'டோனா லீ'யைக் கேளுங்கள். பாஸும் காங்கா ட்ரம்மும் மட்டும்தான். சுரம் எவ்வளவு சுத்தமாக நிற்கிறது என்று பாருங்கள். ஃப்ரெட் இருக்கும்போதே ஸ்ருதி பிசகாமல் வாசிக்கிறவருக்குத்தான் பிடுங்க உரிமை. ஜோனி மிட்செலின் 'ஹெஜிரா'வும் கேளுங்கள், அதே வருஷம். குரலுக்குப் பின்னால் ஃப்ரெட்லெஸ் எப்படி விலகி நிற்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

ப்ளஸ் டூ பையனின் அம்மா, கே.கே. நகர்: ராத்திரி பதினொரு மணிக்கு வாசிக்கிறான். ஜன்னல் அதிர்கிறது.

அம்மா, ஆம்ப் இல்லாமலேயே பாஸ் வாசிக்கலாம், விரலுக்கு நல்லது. அல்லது ஹெட்போன். பையனிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

விளாங்குடி: ஆம்பில் 'ஙொய்' என்று சத்தம் வருகிறது.

சவுண்ட் சர்வீஸ்காரரைப் பாருங்கள். இங்கே ஆல்பம் மட்டும்.

திருமங்கலம்: ஃபோர் ஸ்ட்ரிங்கா, ஃபைவ் ஸ்ட்ரிங்கா?

ஜேமர்சன், ஜாகோ, லாரி கிரஹாம், பால் ஜாக்சன் எல்லோரும் நாலு.

ஆரப்பாளையம்: அண்ணே, ஸ்லாப்...

சிம்மக்கல்!

மாட்டுத்தாவணி: கேட்டேன், 'வாட் இஸ் ஹிப்'பில் பாஸ் ஒரே சுரத்தைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறது. இதற்கா இவ்வளவு புகழ்?

ஹெட்போனில் கேட்டீர்களா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். டவர் ஆஃப் பவர், 1973. பாஸ் ராக்கோ பிரெஸ்டியா. பார் ஒன்றுக்கு 16 தட்டு, பெரும்பாலும் 'ஈ' ஒன்றுதான். ஆனால் எல்லாம் சுரம் அல்ல. இடது கை விரல்களைக் கம்பி மேல் சும்மா படரவிட்டு ஒவ்வொன்றையும் பாதியிலேயே அமுக்குகிறார். பாதி சுரம், பாதி வெறும் 'டிக்'. அந்தக் கலவைதான் பாட்டை ஓட்டுகிறது. மெட்ரோனோமை 60-ல் வைத்து ஒரு நிமிஷம் அப்படி வாசித்துவிட்டு வாருங்கள், புகழைப் பற்றி அப்புறம் பேசலாம். பிடித்துவிட்டால் அடுத்தது 'பேக் டு ஓக்லண்ட்', 1974.

சோழவந்தான்: கூட வாசிக்க எங்கள் ஊரில் ட்ரம்ஸ்காரர் யாரும் இல்லை. எந்த ஆல்பத்தோடு சேர்ந்து வாசிக்கலாம்?

த மீட்டர்ஸ், 'ரிஜுவனேஷன்', 1974. நியூ ஆர்லியன்ஸ்காரர்கள். பாஸ் ஜார்ஜ் போர்ட்டர் ஜூனியர், ட்ரம்ஸ் ஜிகாபூ மாடலிஸ்ட். அதற்கு முன் 1969-ல் வந்த 'சிஸ்ஸி ஸ்ட்ரட்' ஒரு பாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், மூன்று நிமிஷம்தான். பாஸும் கிட்டாரும் ஒரே வரியைச் சேர்ந்து வாசிக்கும். முதல் நாள் வாசிக்க வேண்டாம், ஜார்ஜ் போர்ட்டர் சும்மா இருக்கும் இடங்களில் மட்டும் கை தட்டுங்கள். மறுநாள் பாஸை எடுங்கள், அந்த இடங்களில் இடது கையை வைத்துக் கம்பியை மூடுங்கள். ட்ரம்ஸ்காரர் கிடைக்கும்வரை மாடலிஸ்ட் உங்களோடு இருப்பார்.